விக்டோரியா காலத்து வெள்ளி நாணயங்கள்: எடையும் மதிப்பும்

விக்டோரியா அரசி பிரிட்டனை 1837 முதல் 1901 வரை ஆண்டார். அக்காலத்தில் அச்சிடப்பட்ட வெள்ளி நாணயங்கள் இன்றும் பழைய பெட்டிகளிலும் வணிகர்களின் பேழைகளிலும் காணக் கிடைக்கின்றன. அத்தகைய நாணயத்துக்கு இரண்டு மதிப்புகள் உண்டு. ஒன்று அதிலுள்ள வெள்ளியின் விலை; மற்றொன்று அதன் அருமையும் நிலையும் தரும் விலை. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் விற்பவர் இழப்படைகிறார், வாங்குபவர் ஏமாறுகிறார்.

காலத்தை அறிய முதலில் அரசியின் உருவத்தைக் காண வேண்டும். வில்லியம் வயன் செதுக்கிய இளமை முகம் 1838 முதல் 1887 வரை வந்த பெரும்பாலான வெள்ளி நாணயங்களில் இடம்பெற்றது. ஆட்சியின் பொன்விழா ஆண்டான 1887இல் சிறு கிரீடம் அணிந்த முகம் வந்தது. 1893 முதல் முக்காடிட்ட முதிய முகம் அதன் இடத்தைப் பிடித்தது. அரசி இந்தியாவின் பேரரசி என்ற பட்டத்தை 1876ஆம் ஆண்டுச் சட்டத்தால் பெற்றிருந்தும், பிரிட்டனின் நாணயங்களில் அது சுருக்கமாகப் பொறிக்கப்பட்டது 1893இல்தான்.

எழுத்துகளும் வரலாறு சொல்லும். 1849இல் வெளிவந்த இரண்டு ஷில்லிங் மதிப்புள்ள பிளாரினில், 'இறையருளால்' என்று பொருள்படும் வழக்கமான லத்தீன் எழுத்துகள் விடுபட்டிருந்தன. மக்கள் அதைக் 'கடவுளற்ற பிளாரின்' என்று சாடினர். 1851இல் வந்த புதிய வடிவில் அவ்வெழுத்துகள் மீண்டும் சேர்க்கப்பட்டன. அதில் ஆண்டு ரோமானிய எண்களில் இருப்பதால், ஆண்டே இல்லை என்று பலர் மயங்குவதுண்டு.

1887ஆம் ஆண்டு ஆறு பென்னி நாணயம் தரும் பாடம் வேறு. அளவிலும் வடிவிலும் அது பத்து ஷில்லிங் மதிப்புள்ள அரைப் பொற்காசை ஒத்திருந்தது. மோசடிக்காரர்கள் அதற்குத் தங்க முலாம் பூசி, இருபது மடங்கு மதிப்புக்கு மாற்றினர். அதே ஆண்டில் அவ்வடிவம் கைவிடப்பட்டு, 'ஆறு பென்னி' என்று எழுதப்பட்ட பழைய வடிவம் திரும்பியது. கதை புகழ்பெற்றது, ஆயினும் பலர் அந்நாணயத்தை எடுத்து வைத்துக்கொண்டதால் அது இன்று அரியதன்று. கதையைக் கேட்டு விலை கொடுக்கலாகாது.

வெள்ளியின் கணக்கு எளியது. அக்கால பிரிட்டிஷ் வெள்ளி நாணயங்களில் ஆயிரத்துக்கு 925 பங்கு தூய வெள்ளி. கிரவுன் 28.28 கிராம், அரை கிரவுன் 14.14, பிளாரின் 11.31, ஷில்லிங் 5.66. எனவே ஒரு கிரவுனில் ஏறத்தாழ 26 கிராம் தூய வெள்ளி உண்டு. எடை பெரிதும் குறைந்தாலோ, காந்தம் ஈர்த்தாலோ ஐயம் கொள்ள வேண்டும். தேய்ந்த, பரவலாகக் கிடைக்கும் நாணயத்துக்கு வெள்ளி விலையே ஏறக்குறைய முழு விலை. 1847ஆம் ஆண்டு கோதிக் கிரவுன் போன்ற அரியவற்றுக்கோ வெள்ளி விலை ஒரு பொருட்டன்று. அவற்றுக்குப் போலிகளும் மிகுதி. எந்த நாணயத்தையும் புளியிட்டோ பொடியிட்டோ துலக்கலாகாது. துலக்கிய நாணயம் மதிப்பிழக்கும்.

வாரிசுகளிடையே பாகம் பிரிக்கும்போதும், அறியாத ஒருவரிடமிருந்து வாங்கும்போதும் இவ்வறிவு அமானிதமாகிறது. நிறுவையில் குறை செய்வதையும், பொருளின் உண்மையை மறைத்து வாங்கி விற்பதையும் மார்க்கம் கண்டிக்கிறது. அரிய நாணயத்தை வெறும் வெள்ளி என்று சொல்லி வாங்குவதும், முலாம் பூசிய ஆறு பென்னியைத் தங்கம் என்று நீட்டுவதும் ஒரே குற்றத்தின் இரு முகங்கள்.