தூணின் பூர்வீகம்

பழைய மரம் விற்கிறவனிடம் கதை இலவசம். காரைக்குடிக்குத் தூணும் நிலையும் உத்திரமும் வாங்க வருகிறவர்கள் விலை கேட்பதற்கு முன்னால் கதை கேட்கிறார்கள். செட்டியார் பர்மாவில் காட்டை வளைத்தார், வெட்டினார், கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தார் என்று சொன்னால் அவர்கள் முகம் மலரும், பேரமும் கொஞ்சம் இளகும். நான் தச்சர் வீட்டுப் பிள்ளை. உளி பிடித்த கை, பிறகுதான் வியாபாரம். மரத்தின் ரேகையைப் பார்த்துப் பேசத் தெரிந்தவனுக்கு அதன் பூர்வீகமும் தெரிந்திருக்க வேண்டாமா? கிடைத்ததையெல்லாம் படித்தேன். அதற்கப்புறம் அந்தக் கதையைச் சொல்ல நாக்கு எழவில்லை.

செட்டியார்கள் காட்டை வெட்டவில்லை. பர்மாவில் தேக்கு மன்னரின் சொத்து. மன்னர் போனபின் அது வெள்ளை அரசின் சொத்தானது.

வெள்ளைக்காரனுக்குத் தேக்கு ஆசை பிறந்தது மலபாரில். அவன் கப்பல் கட்டிய ஓக் மரத்தில் அடித்த இரும்பாணி, மரத்திலுள்ள அமிலத்தால் அரித்துப்போகும். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு, ஆணியைக் கெடுக்காது. 1817-இல் பம்பாயில் தேக்கால் கட்டி இறக்கிய ‘டிரிங்கோமலி’ என்ற போர்க்கப்பல் இன்னும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறையில் மிதக்கிறது. இரும்புக் கவசக் கப்பல்கள் வந்த பிறகும் தேக்கை விடவில்லை. 1860-இல் இறக்கிய ‘வாரியர்’ கப்பலில் நாலரை அங்குல இரும்புத் தகட்டுக்குப் பின்னால் 18 அங்குலத் தேக்கு. இப்படி ஒரு பசிக்கு மலபார் எத்தனை நாள் தாங்கும்? முதல் பர்மா யுத்தம் முடிந்து 1826-இல் பர்மாவின் தெனாசரிம் பகுதி ஆங்கிலேயர் கைக்கு வந்ததும் அங்குள்ள மௌல்மேன் துறை மரத் துறையானது. உரிமம் வாங்கியவனெல்லாம் வெட்டினான். ஆற்றோரத்து நல்ல மரங்கள் சில பத்தாண்டுகளில் தீர்ந்தன.

1852 யுத்தத்தில் கீழ் பர்மாவின் பெகு கிடைத்தபோது, இங்கும் அதே கதி வேண்டாம் என்று கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி ஒரு ஜெர்மானியத் தாவரவியலாளரை வரவழைத்தார். பெயர் டீட்ரிஷ் பிராண்டிஸ். 1856-இல் வந்து சேர்ந்தவர், யானைமேல் ஏறிக் காட்டுக்குள் போய் மரங்களை எண்ண ஆரம்பித்தார். கையில் நாலு மூங்கில் துண்டுகள். மரத்தின் பருமனில் நாலு தரம், தரத்துக்கொரு துண்டு. ஒரு மரம் கண்ணில் பட்டால் அதற்குரிய துண்டில் கத்தியால் ஒரு வெட்டு. சாயங்காலம் வெட்டுகளை எண்ணினால் காட்டின் இருப்பு தெரிந்துவிடும். எந்தப் பருமனுக்கு மேல் வெட்டலாம், வருடத்துக்கு எத்தனை என்று அதை வைத்துத்தான் முடிவு செய்தார். அந்த மனிதர்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் காடு யாருக்காகக் காப்பாற்றப்பட்டது என்பதை மறக்க முடியாது. தன் காட்டிலேயே மரம் வெட்டிய மலைவாசி அன்றிலிருந்து குற்றவாளி.

தேர்ந்தெடுத்த மரத்தை உடனே சாய்க்க மாட்டார்கள். அடியில் பட்டையையும் வெளிற்றையும் சுற்றிலும் வெட்டி, வைரம் தெரியும்வரை வளையம் எடுப்பார்கள். நீர் ஏறாமல் மரம் நின்றபடியே செத்துப்போகும். இரண்டு, மூன்று வருடம் காயவிட்ட பிறகுதான் கோடாலி. வீட்டுக்கு உறுதியான மரம் வேண்டுமென்று செய்ததல்ல இது. பச்சைத் தேக்கைத் தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும், காய்ந்தது மிதக்கும், அவ்வளவுதான். சாய்த்த கட்டையை யானைகள் ஓடைவரை இழுத்துப் போடும். கோடையில் யானைக்கு ஓய்வு. மழைக்காலத்தில் வெள்ளம் வந்தால் கட்டைகள் நகரும். வராவிட்டால் அடுத்த மழைவரை கிடக்க வேண்டியதுதான். வளைவுகளில் சிக்கி அடைத்துக்கொண்டால் யானைகள் ஓடும் நீரில் இறங்கிப் பிரித்துவிடும். பெரிய ஆற்றில் தெப்பமாகக் கட்டி, தெப்பக்காரர்கள் அதன்மேலேயே குடிசை போட்டு, சமைத்துச் சாப்பிட்டு, ரங்கூன் வரை வருவார்கள். காட்டில் வளையம் எடுத்த மரம் மில்லில் ரம்பத்தைப் பார்க்க வருடங்கள் பல ஆகும்.

இத்தனை காலம் முதலைப் போட்டு வைத்துவிட்டு, யானைகளுக்கும் தீனி போட்டுக் காத்திருக்கப் பெரிய கம்பெனியால்தான் முடியும். 1863-இல் வாலஸ் சகோதரர்கள் தொடங்கிய பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் அப்படிப்பட்டது. மன்னர் ஆண்ட மேல் பர்மாவிலும் அதற்குக் குத்தகைக் காடுகள் இருந்தன. வெட்டிய கட்டைகளைக் குறைத்துக் கணக்குக் காட்டியதாகச் சொல்லி 1885-இல் மன்னரின் மாண்டலே அரசவை அந்தக் கம்பெனிக்குச் சுமார் 23 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. அந்த வருடக் கடைசியிலேயே வெள்ளைக்காரப் படை மாண்டலேயில். மரக் கணக்கு மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், பிரெஞ்சுக்காரன் அங்கே காலூன்றுவானோ என்ற பயமும் இருந்தது. ஆனால் சாக்கு மரம்தான். திபா மன்னரையும் ராணியையும் கப்பலேற்றி முதலில் சென்னைக்குக் கொண்டுவந்தார்கள். சில மாதம் இங்கே வைத்திருந்து ரத்னகிரிக்கு அனுப்பினார்கள். மன்னர் 1916-இல் அங்கேயே இறந்தார்.

நம் செட்டியார்கள் எங்கே வருகிறார்கள்? நெல்லில். ஐராவதிக் கழிமுகத்தில் காட்டைத் திருத்தி நெல் போட்ட பர்மிய விவசாயிக்குக் கடன் கொடுத்தது அவர்கள் வட்டிக்கடை. 1930 வாக்கில் பர்மா முழுக்க 1,600-க்கும் மேற்பட்ட செட்டியார் கடைகள் இருந்தன. மர மில் வைத்திருந்தவர்களும் சிலர் உண்டு. பெரும்பணம் வட்டியில்தான். அந்தப் பணத்தில் வாங்கிய தேக்குதான் கப்பலேறி வந்து, நம் வளவில் தூணாகவும் போதிகையாகவும் நிற்கிறது. பலகையில் நெல்லின் வாசம் வராது என்பதால் நாம் அதை யோசிப்பதில்லை.

1930-இல் நெல் விலை சரிந்தது. கடன் திரும்பவில்லை, அடமான நிலம் வந்து சேர்ந்தது. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் அந்த வருடம் 6 சதவீதமாக இருந்த செட்டியார் நிலம் 1938-இல் 25 சதவீதம். கேட்டு வாங்கிய நிலமில்லை, பணமாகத் திரும்பியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்கள். நிலத்தை இழந்தவனுக்கு அந்த வித்தியாசம் தெரியவேண்டிய அவசியமில்லை. 1942-இல் ஜப்பான்காரன் வந்தான், 1948-இல் சுதந்திரம் வந்தது, நிலம் போனது.

இங்கே மிச்சம் வீடுகள். ஒரே வீட்டுக்கு எத்தனையோ பங்காளிகள். யார் ஓடு மாற்றுவது என்று தீராத இடத்தில் ஒருநாள் என்னைப் போன்றவனுக்கு ஆள் வரும். ஒரு ஆச்சி கைமரத்தை எல்லாம் எண்ணிக் கொடுத்துவிட்டு, சாமி வீட்டு நிலையை மட்டும் தொடவிடவில்லை. 2014 ஏப்ரலில் மியான்மர் முழுக்கட்டை ஏற்றுமதியைத் தடை செய்த பிறகு பழைய மரத்துக்குக் கிராக்கி கூடிவிட்டது. அறுவை மில்லில் மட்டும் மரியாதை கிடையாது. உள்ளே ஆணி இருந்து பிளேடு போனால் அதற்குத் தனிக் காசு. அதனால் காந்தம் வைத்துத் தேடி ஆணி பிடுங்குவதே என் பையன்களுக்குப் பாதி வேலை. பிடுங்கின ஆணிகளில் பல, நிமிர்த்தினால் மறுபடி அடிக்கிற மாதிரித்தான் இருக்கின்றன.