பத்தாம் வாய்க்காலும் கணனியின் இழைகளும்

'உருத்திரபுரம், பத்தாம் வாய்க்கால்' என்று முகவரியிட்ட மரண அறிவித்தல்களைப் பத்திரிகையில் எத்தனையோ முறை ஏற்றியிருக்கின்றேன். இரணைமடுக் குளத்து நீரைப் பங்கிடும் கிளை வாய்க்கால்களுக்கு இடப்பட்ட இலக்கங்கள் அவை. டி3, டி5, டி8 என்பனவும் அப்படி ஊர்ப்பெயர்களானவையே. வரைபடத்துக்காக எழுதப்பட்ட இலக்கத்தை மக்கள் பெயராக்கிக் கொண்டனர்.

கணனிக்குள்ளும் இவ்வாறானதொரு வரலாறு உண்டு. ஒரே நேரத்தில் பல காரியங்களைச் செய்யவேண்டிய நிரல், தன் வேலையைப் பல இழைகளாகப் பிரித்துக்கொள்கின்றது. ஆங்கிலத்தில் இதனைத் திரெட் என்பர். ஒரு குளத்து நீர் பல வாய்க்கால்களில் ஓடுவது போலத்தான். எந்த இழை எது என்று எவ்வாறு அறிவது?

1995ஆம் ஆண்டின் போசிக்ஸ் நியமம் இழைக்கு ஓர் அடையாளத்தை மட்டும் தந்தது. பெயரைப் பற்றி அது பேசவேயில்லை. மறு ஆண்டு வெளிவந்த ஜாவா மொழி வேறு வழியிற் சென்றது. ஒவ்வோர் இழைக்கும் பெயர் உண்டு. முதல் இழை 'மெயின்'. நிரல் எழுதுபவர் பெயரிடாதுவிட்டால் 'திரெட்-0', 'திரெட்-1' என இயக்கச்சூழலே வரிசையாக இட்டுவிடும். விந்தை என்னவெனில், இழைக்கு இலக்கத்தைக் கேட்டுப் பெறும் வசதி ஜாவாவில் 2004இல், ஐந்தாம் பதிப்பில்தான் வந்தது. பெயர் முந்தியது, இலக்கம் பிந்தியது. இரண்டு இழைகள் ஒரே பெயரைத் தாங்கலாம் என்பதனால் பெயரை மட்டும் நம்ப முடியாது. இலக்கமோ அந்த இழை உயிருடன் இருக்கும்வரை அதற்கே உரியது. இழை முடிந்தபின் அதே இலக்கம் இன்னொன்றுக்குப் போகலாம் என்றும் ஜாவாவின் கையேடு எச்சரிக்கின்றது.

இது ஏட்டுக் கதையன்று. பல ஆண்டுகளுக்கு முன், பக்கங்களை அச்சகத்துக்கு அனுப்பும் நிரலொன்று நள்ளிரவில் உறைந்து நின்றது. ஒவ்வோர் இழையும் அக்கணத்தில் எங்கே நிற்கின்றது என்று காட்டும் பட்டியலை எடுத்தோம். திரெட்-3, திரெட்-17, திரெட்-41 என்று நீண்டது. முல்லைத்தீவுச் செய்திப் பக்கத்தைப் பிடித்து வைத்திருப்பது இவற்றில் எது? எழுதியவர் ஒன்றுக்கும் பெயரிட்டிருக்கவில்லை. எல்லாவற்றையும் நிறுத்தி மீளத் தொடக்கினோம். பத்திரிகை விடிந்தபின்தான் வவுனியாவைத் தாண்டியது. பத்தாம் வாய்க்காலில் நீர் வரவில்லையென்றால் எங்கே போய்ப் பார்ப்பது என்று அங்குள்ள சிறுவனுக்கும் தெரியும். திரெட்-17 பற்றி எங்களில் எவருக்கும் எதுவும் தெரியவில்லை.

பைத்தன் மொழியினர் இக்குறையை ஓரளவு உணர்ந்தனர் போலும். 2021இல் வந்த 3.10 பதிப்பிலிருந்து, தானாக இடும் பெயருடன் அந்த இழை செய்யும் வேலையின் பெயரையும் அடைப்புக்குறிக்குள் சேர்க்கின்றனர். ஜாவாவில், இலக்கம் கூறும் பழைய முறையை எவரும் மாற்றியெழுதிப் பொய்யிலக்கம் கூறவைக்கலாம் என்பதால், 2022இல் 19ஆம் பதிப்பு மாற்றமுடியாத புதிய முறையொன்றைத் தந்தது. 2023இல் வந்த 21ஆம் பதிப்பின் மெய்நிகர் இழைகளுக்கு இயல்பாகப் பெயரே கிடையாது. இலட்சக்கணக்கில் பிறந்து மறைபவை அவை. வெறுமையாக விடுவது, எதுவும் உணர்த்தாத பெயரை இடுவதிலும் நேர்மையானது என்பது என் எண்ணம். பழுது பார்ப்பவர் இதனை ஏற்கமாட்டார்.

பெயரிடத் துணிவோர்க்கு இன்னுமொரு தடை உண்டு. லினக்ஸ் இயங்குதளத்தின் கருவில் இழையின் பெயர் 15 பைட்டுக்கு மேற் செல்லாது. யூனிகோட்டில் தமிழின் ஒவ்வோர் எழுத்துக்கும், ஒவ்வோர் உயிர்க்குறிக்கும், புள்ளிக்கும் பொதுவாக மும்மூன்று பைட்டுகள் வேண்டும். 'கிளிநொச்சி'க்கு 30. அங்கே அது 'கிளிந' என்று நின்றுவிடும்.