மூன்றாம் நாள் இரவு

விடிவதற்குச் சற்று முன்னால் சின்னசேலம் ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து பாருங்கள். சேலம் போகக் காத்திருக்கும் ஏதாவதொரு பாட்டி, பேத்தியிடம் கிசுகிசுப்பது காதில் விழலாம். "விடியக்காலைல பல்லு விழுந்த மாதிரி கனா கண்டேன்டி. யாருக்கு என்னாவப் போவுதோ!" பேத்தி செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல், "சும்மா இரு ஆயா" என்பாள்.

பாட்டியை அப்படி ஒதுக்கிவிட முடியாது. அவர் பின்னால் ஒரு பரம்பரையே நிற்கிறது! கனவுக்குப் பலன் சொல்ல என்றே தமிழில் 'கனா நூல்' உண்டு. எழுதியவர் பெயர் பொன்னவன். சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார் அதை மேற்கோள் காட்டுகிறார். இரவை நான்கு யாமமாகப் பிரித்துக் கிட்டத்தட்ட ஒரு டைம்டேபிளே போட்டுத் தருகிறது அந்த நூல். முதல் யாமத்துக் கனவு பலிக்க ஓராண்டு, இரண்டாம் யாமத்துக்கு 8 மாதம், மூன்றாவதுக்கு 3 மாதம், கடைசி யாமத்துக்குப் பத்தே நாள்! 'விடியக்காலைக் கனவு பலிக்கும்' என்று நாம் சொல்வதும் இதே கணக்குதான்.

அதிகாலைக்கு மட்டும் ஏன் இந்த மவுசு? 1951 டிசம்பரில் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வு மாணவர் யூஜின் அசெரின்ஸ்கி, எட்டு வயது மகன் ஆர்மண்டின் கண்ணோரத்தில் மின்கம்பிகளை ஒட்டித் தூங்க வைத்தார். நடு இரவில் கருவியின் முள் தாறுமாறாகத் துள்ளியது. பையன் விழித்துவிட்டானோ என்று போய்ப் பார்த்தால்... நல்ல தூக்கம்! மூடிய இமைக்குள் கண்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. ஆசிரியர் கிளைட்மனுடன் சேர்ந்து 1953-ல் இதை வெளியிட்டார். அந்த நேரத்தில் எழுப்பப்பட்ட பெரும்பாலானவர்கள் 'கனவு கண்டுகொண்டிருந்தேன்' என்றார்கள்.

சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை இந்தக் கட்டம் வருகிறது. முன்னிரவில் சில நிமிடங்கள்தான். விடிய விடிய நீண்டுகொண்டே போகும். ஆக, நம் நீளமான கனவுகள் அதிகாலையில்தான். அதிலிருந்தே நேராகக் கண் விழிப்பதால் அவை ஞாபகத்திலும் தங்குகின்றன. கனா நூல்காரர் கவனித்தது சரிதான். பலன்தான் வேறு விஷயம்!

இன்னொன்று. கனவுக் கட்டத்தில் மூளை, கைகால் தசைகளைக் கட்டிப்போட்டுவிடுகிறது. மனசு விழித்தும் கட்டு அவிழாமல் போனால்? நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி ஒரு திணறல். நம் ஊர் அமுக்குவான் பேய் இதுதான்.

சரி, 'எப்போது' என்பது தெரிந்துவிட்டது. 'ஏன்', 'என்ன அர்த்தம்' என்பவை? அதற்கு, பாட்டியோடு நாமும் ரயிலேறி சேலம் போய், அங்கிருந்து நாமக்கல் போவோம்.

1913-ல் கேம்பிரிட்ஜிலிருந்து ஹார்டி அழைத்தபோது ராமானுஜன் மறுத்துவிட்டார். கடல் தாண்டினால் சாதிக்கட்டுப்பாடு, அம்மா கோமளத்தம்மாளின் எதிர்ப்பு. அந்த டிசம்பர் கடைசியில், துறைமுக அலுவலக மேலதிகாரி நாராயண ஐயருடன் நாமக்கல் போனார் என்று எழுதுகிறார் வாழ்க்கை வரலாற்றாசிரியர் ராபர்ட் கனிகல். குலதெய்வம் நாமகிரித் தாயார் கோயிலில் படுக்கை. இரண்டு இரவுகள் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் இரவு ராமானுஜன் கனவிலிருந்து திடுக்கிட்டு எழுந்து ஐயரை எழுப்பினார். 'உத்தரவு கிடைத்துவிட்டது!'

1914 தொடக்கத்தில் சென்னை வந்திருந்த கேம்பிரிட்ஜ் கணிதவியலர் நெவில் சொல்லும் கதை வேறு. அதன்படி கனவு கண்டது அம்மா. மகன் ஐரோப்பியர்கள் நடுவே உட்கார்ந்திருக்கிறான். 'அவன் வழியில் குறுக்கே நிற்காதே' என்கிறாள் தாயார்.

ஆக, ஒரு பயணத்துக்கு இரண்டு கனவுகள்! எது உண்மை? இரண்டுமே இருக்கலாம். ஒரு வீட்டில் மாதக்கணக்கில் எல்லோரையும் ஒரே கேள்வி அரித்துக்கொண்டிருந்தால், அது தூக்கத்தில் மட்டும் லீவு எடுத்துக்கொள்ளுமா என்ன?

'வெளியே சொல்ல முடியாத ஆசை வேஷம் போட்டு வருவதே கனவு' என்றார் ஃப்ராய்ட். அவர் புத்தகம் வந்தது 1899 நவம்பரில். அச்சிட்ட 600 பிரதிகள் விற்றுத் தீரவே எட்டு வருஷம் ஆனது! எல்லாக் கனவும் ஆசைதான் என்பதை இன்றைய விஞ்ஞானிகள் பலர் ஏற்பதில்லை. பின்லாந்தின் ரெவோன்சுவோ 2000-ல், 'ஆபத்துகளுக்கான ஒத்திகையே கனவு' என்றார். கணவன் மேல் பழி விழுந்து தீங்கு நேர்வதாகக் கனவு கண்டு தேவந்தியிடம் சொல்லும் கண்ணகி ஞாபகம் வருகிறாளா? கைவிடப்பட்ட மனைவியின் பயம் அந்தக் கனவில் இருக்கிறது. தோழி சொன்ன பரிகாரத்தை அவள் ஏற்கவில்லை என்பதையும் கவனியுங்கள்.

வெளியுலகத்துக்குக் கதவைச் சாத்திக்கொண்டு, மூளை அன்றன்றைய நினைவுகளை அடுக்குகிறது. மனசில் கனமாகக் கிடப்பதைத் திரும்பத் திரும்பப் புரட்டுகிறது. இன்றைக்குப் பரவலாக ஏற்கப்படும் விளக்கம் இதுதான். அப்படியானால் கனவு நாளை நடக்கப்போவதைச் சொல்வதில்லை. இன்று நமக்குள் என்ன ஓடுகிறது என்பதைச் சொல்லலாம்.

நாமக்கல்லில் கிடைத்த உத்தரவு தாயார் தந்ததா, ராமானுஜன் மனசே தந்ததா? அவரவர் நம்பிக்கை. ஆனால் அந்த அனுமதி இல்லாமல் அவர் 1914 மார்ச் 17-ல் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறியிருப்பாரா என்பது சந்தேகம்தான்.

கதை அங்கே முடியவில்லை. 1919-ல் நோயோடு திரும்பிய ராமானுஜன், 1920 ஏப்ரல் 26-ல் 32 வயதில் காலமானார். கடல் தாண்டியவர், ராமேஸ்வரம் போய்ப் பிராயச்சித்தம் செய்ய உடம்பு இடம் கொடுக்கவில்லை. ஆசாரமான உறவினர்கள் பலர் கடைசிக் காரியத்துக்கே வரவில்லை என்கிறார் கனிகல். கனவு அம்மாவின் மனசைத் திறந்தது. ஊரின் மனசைத் திறக்க அதனால் முடியவில்லை.

அந்தப் பேத்தியிடம் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. அடுத்த முறை பாட்டி கனவைச் சொல்ல வந்தால், "சும்மா இரு" என்று அடக்காதே அம்மா. 'யாரை நினைச்சு ஆயா பயப்படறே?' என்று கேள். கனவுக்கு இல்லாவிட்டாலும், அந்தப் பயத்துக்குக் கட்டாயம் ஓர் அர்த்தம் இருக்கும்.