வெளிறிய நாக்கும் வினாத்தாளும்: எல்லை மலைகளில் பல் மருத்துவருக்கான பொது மருத்துவம்

1904 டிசம்பர் இறுதியில் சிகாகோவின் பிரெஸ்பிட்டீரியன் மருத்துவமனையில் வால்டர் கிளெமென்ட் நோயல் என்ற இளைஞர் மூச்சுக் கோளாறுடன் சேர்க்கப்பட்டார். கிரெனடா தீவிலிருந்து பல் மருத்துவம் படிக்க வந்தவர் அவர். அவருடைய இரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்த பயிற்சி மருத்துவர் எர்னெஸ்ட் அயர்ன்ஸ், நீண்டு வளைந்த சிவப்பணுக்களைக் கண்டு குறித்துவைத்தார். 1910இல் ஜேம்ஸ் ஹெரிக் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். மேலை மருத்துவ ஏடுகளில் அரிவாள் செல் சோகையின் முதல் நோயாளியாகப் பதிவானவர் ஒரு பல் மருத்துவ மாணவர். 1907இல் பட்டம் பெற்று ஊர் திரும்பித் தொழில் நடத்திய நோயல், 1916இல் 32 வயதில் நுரையீரல் அழற்சியால் இறந்தார்.

இந்த நோய் நமக்குத் தொலைவில் இல்லை. 1952இல் லேமன், கட்புஷ் இருவரும் நீலகிரிப் பழங்குடியினரிடம் அரிவாள் செல் மரபுக்கூறு இருப்பதைக் கண்டறிந்து அறிவித்தனர். அதே மலைத்தொடரை ஒட்டிய, கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடியில் இருளர், முடுகர், குறும்பர் வாழ்கின்றனர். மாநில எல்லை இருளரின் உறவு முறையைப் பிரிக்கவில்லை, மரபணுவையும் பிரிக்கவில்லை.

பி.டி.எஸ். மூன்றாம் ஆண்டில் மாணவர் பொது மருத்துவம் படிக்கிறார். பிறகு நீட் எம்.டி.எஸ். தேர்வுக்காக அதைத் துண்டு துண்டாக மனனம் செய்கிறார். அரிவாள் செல் சோகையையே எடுத்துக்கொண்டால், பீட்டா குளோபினின் 6ஆம் இடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வேலைன் என்பது ஒரு துண்டு. மண்டையோட்டு எக்ஸ்ரேயில் சிலிர்த்த மயிர் போன்ற தோற்றம் என்பது இன்னொன்று. எலும்பு அழற்சியில் சால்மோனெல்லா என்பது மூன்றாவது. மூன்றும் சரியான விடைகளே. ஆனால் மூன்றையும் இணைக்கும் காரணத்தைக் கற்காதவர் நோயாளி முன் தடுமாறுவார் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கீழ்த்தாடை வலியோடு ஓர் இருளர் இளைஞர் வருகிறார் என்று கொள்வோம். பல்லில் சொத்தை இல்லை. பற்கூழின் உயிர்ப்புச் சோதனையில் ஒரு பல் பதில் தரவில்லை. கீழுதடும் முகவாயும் மரத்திருக்கின்றன. கண்வெள்ளை லேசாக மஞ்சளாக இருக்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் இவை நான்கு புகார்கள். ஆக்சிஜன் குறையும்போது ஹீமோகுளோபின் கோத்துக்கொண்டு அணு வளைகிறது என்பதை அறிந்தவருக்கு நான்கும் ஒரே கதை. வளைந்த அணுக்கள் தாடையின் நுண்குழல்களை அடைத்தால் பற்கூழ் சாகிறது, நரம்பு மரக்கிறது. அணுக்கள் சீக்கிரம் சிதைவதால் மஞ்சள் படர்கிறது. எலும்பு மஜ்ஜை ஈடுகட்டப் பெருகுவதால் எக்ஸ்ரேயில் தாடை எலும்பு ஏணிப்படி போலத் தெரிகிறது. மண்ணீரல் படிப்படியாகச் செயலிழப்பதால் தொற்று எளிதில் பரவுகிறது.

சிகிச்சை முறையும் இதிலிருந்தே பிறக்கிறது. நீர்ச்சத்துக் குறைவு, குளிர், பதற்றம், தொற்று ஆகியவை குழல்கள் அடைபடும் நெருக்கடியைத் தூண்டும். ஆகவே குறுகிய அமர்வு. நெருக்கடி நேரத்தில் தள்ளிப்போடக்கூடிய அறுவையைத் தள்ளிவைத்தல். சிறுநீரகப் பாதிப்பு உண்டா என்று பார்த்த பிறகே வலிநிவாரணி. இந்நோய்க்காக ஹைட்ராக்ஸியூரியா மருந்து எடுப்பவருக்கு வாய்ப்புண் இருந்தால் வெள்ளணு எண்ணிக்கையையும் கேட்க வேண்டும். மரபுக்கூற்றை மட்டும் சுமப்பவருக்கு வழக்கமான பல் சிகிச்சையில் பெரும்பாலும் தனி ஏற்பாடு தேவைப்படாது. கரைதிறன் சோதனை நோயையும் மரபுக்கூற்றை மட்டும் சுமக்கும் நிலையையும் பிரித்துக் காட்டாது, ஹெச்.பி.எல்.சி. பிரித்துக் காட்டும்.

தெற்கே, இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு தோட்டங்களில் காட்சி வேறு. தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறைகளாகத் தேயிலை கிள்ளும் அந்த மலைகளில், வாய் திறக்கச் சிரமப்படும் ஒரு பெண் வெளிறிய, வழவழத்த நாக்கோடு வரலாம். அவரிடம் வெற்றிலை பாக்குப் பழக்கத்தை முதலில் கேட்க வேண்டும். பாக்கின் அரிக்கோலின் வாயின் உள்சவ்வுக்கடியில் நாரிழைகளை இறுக வைக்கிறது. அந்த இறுக்கம் புற்றுநோய்க்கு முன்னோடியாகலாம். அவரது வெளிறல் இரும்புச்சத்துக் குறைவாலா என்று ஃபெரிட்டின் அளவு சொல்லும். சாப்பாட்டோடு குடிக்கும் தேநீர் இரும்பு உறிஞ்சப்படுவதைக் குறைக்கும் என்பதும் இங்கே பயன்படும் செய்தி.

அட்டப்பாடிக்கு அரிவாள் செல், இடுக்கிக்கு இரும்புக் குறைவு என்று ஊர்வாரியாக முத்திரை குத்துவது தவறு. 2013இல் அட்டப்பாடியில் அடுத்தடுத்து நேர்ந்த குழந்தை இறப்புகள், அங்குள்ள தாய்மாரின் ஊட்டக்குறைவையும் இரத்தசோகையையும் நாடறியச் செய்தன. ஒரே உடலில் இரண்டு சோகைகளும் இருக்கலாம். இரத்தம் பலமுறை ஏற்றியவருக்கு உடலில் இரும்பு மிகுந்தும் இருக்கலாம். வெளிறிய நாக்கைப் பார்த்ததும் இரும்பு மாத்திரை எழுதும் பழக்கம் இங்கேதான் ஆபத்தாகிறது.

மூன்று மணி நேரத்தில் 240 வினாக்களைச் சந்திப்பவருக்கு இவ்வளவு யோசிக்க நேரமேது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ஒரு காரணத்தைப் பிடித்துக்கொண்டவருக்கு நினைவில் வைக்கவேண்டியவை குறைகின்றன. வினாவை மாற்றிக் கேட்டாலும் விடை கைவசம் இருக்கும்.

2047க்குள் அரிவாள் செல் சோகையை ஒழிக்கும் இலக்கோடு தேசிய இயக்கம் 2023 ஜூலை 1 அன்று தொடங்கப்பட்டது. வாயைத் திறந்து பார்க்கும் மருத்துவரும் அதில் பங்கேற்க முடியும். கைகால் வலி அடிக்கடி வருமா, கண் மஞ்சளானதுண்டா, இரத்தம் ஏற்றியதுண்டா, உடன்பிறந்தோருக்கு இப்படி உண்டா என்ற நான்கு கேள்விகளை எல்லைப் பகுதிப் பல் மருத்துவமனைகளின் நோயாளிக் குறிப்பேட்டில் தமிழிலும் மலையாளத்திலும் அச்சிட வேண்டும். மாணவர்கள் அந்தக் குறிப்பேட்டை நிரப்பிப் பழகும் பயிற்சியைத் தேர்வுத் தயாரிப்பின் பகுதியாகவே கல்லூரிகள் நடத்த வேண்டும்.