அசன்பேயும் ஒரு கடைக் கொப்பியும்

அறிஞர் சித்திலெப்பையின் ‘அசன்பே சரித்திரம்’ பற்றி எம்மவர் எழுதியவற்றில் அது எத்தனையாவது நாவல் என்ற வழக்கே அதிகம். 1885இல் வெளிவந்தது. வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879. ஆகவே தமிழில் இரண்டாவது, ஈழத்தில் முதலாவது என்பர். 1856இன் ‘காவலப்பன் கதை’யைக் காட்டி மறுப்போரும் உளர், அது மொழிபெயர்ப்புத்தானே என்று பதிலும் உண்டு. இவ்வளவு எழுதியவர்கள், கதையை வாசித்தபோது தமக்கு என்ன நேர்ந்தது என்று சொன்னது குறைவு. நான் அதைப் பதுளையில், வாப்பாவின் அலுமாரியில் கிடந்த மறுபதிப்பில் வாசித்தேன்.

மிசுறு தேசத்து உயர்குடியில் பிறந்த குழந்தை களவாடப்படுகிறது. பம்பாயில் வளர்கிறது. அசன் வாலிபனாகிக் கல்கத்தா போய் ஆங்கிலக் கல்வி பெறுகிறான். காதல், சூழ்ச்சி, எதிர்பாராத சந்திப்புகள் எல்லாம் உண்டு. ஈற்றில் மிசுறு திரும்பிப் பெற்றோரை அடைகிறான். இது நாவலல்ல, அற்புதக் கதை என்று விமர்சகர் குறை சொல்வது பொய்யில்லை. நல்லவர் முற்றாக நல்லவர். கெட்டவர் முற்றாகக் கெட்டவர். ஆனாலும் ‘இவன் யார் பிள்ளை?’ என்ற மர்மம் என்னைப் புத்தகத்தை மூடவிடவில்லை.

கண்டியில் வழக்கறிஞராக இருந்தவருக்கு மிசுறு எப்படி அவ்வளவு கிட்டவாயிற்று? 1882இல் தெல்-எல்-கபீரில் பிரித்தானியப் படையிடம் தோற்ற ஒறாபி பாஷா, நாடு கடத்தப்பட்டு 1883 சனவரியில் கொழும்பில் இறங்கினார். அதற்குச் சில வாரம் முன்னர், 1882 திசம்பரில், சித்திலெப்பை ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கியிருந்தார். இருவரும் நெருங்கிப் பழகினர்; முஸ்லிம் பிள்ளைகளின் கல்விக்காகச் சேர்ந்து உழைத்தனர். தன் மண்ணை இழந்த ஒரு மிசுறுக்காரரைத் தினம் காண்பவர், மண்ணுக்குத் திரும்பும் மிசுறுப் பிள்ளையைக் கற்பனை செய்தார். நான் அப்படித்தான் வாசிக்கிறேன்.

அக்காலத்து ஊவா எப்படி இருந்தது? நாவல் வெளிவந்த ஆண்டில் ரயில் நானுஓயா வரைதான் வந்திருந்தது. பதுளையை அது எட்டியது 1924இல். ஊவா தனி மாகாணமானதே 1886இல். 1869இல் மடூல்சீமையில் முதலில் காணப்பட்ட இலைநோய் கோப்பியைத் தின்று முடித்து, தேயிலை ஏறிக்கொண்டிருந்தது. தோட்டங்களுக்கு ஆள் வந்த அதே கரையிலிருந்து, அவர்களுக்கு அரிசியும் துணியும் விற்க எம்மவரும் வந்தார்கள். இராமநாதபுரத்திலிருந்து சிறுவனாக வந்த என் மூத்தவாப்பா, பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றின் அடிவாரத்தில் கடை வைத்தார். நாவலில் தோட்டங்கள் இல்லை. ஆயினும் ‘இவன் யார் பிள்ளை’ என்ற கேள்வி 1948இல் எங்கள் வீட்டு வாசலுக்கே வந்தது.

அவ்வாண்டின் பிரஜாவுரிமைச் சட்டப்படி, இங்கே பிறந்தால் மட்டும் போதாது. தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லையேல் தகப்பனின் தகப்பனும், அவர் தகப்பனும். கடைக்குப் பின்னறையில் பிறந்த என் வாப்பா அதில் தேறவில்லை. லயத்துப் பிள்ளைகள் ஆயிரமாயிரம் பேரும் தேறவில்லை. 1949இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவோருக்கென இன்னொரு சட்டம் வந்தது. 1946 சனவரிக்கு முன் இடையறாது பத்து ஆண்டு, மணமுடித்தவராயின் ஏழாண்டு, இந்நாட்டில் வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். கங்காணியின் பெயர்ப் பதிவு தொலைந்தவன், ஊருக்கு ஒருமுறை போய் வந்தவன், எல்லோரும் அதில் விழுந்தார்கள்.

மூத்தவாப்பாவிடம் இருந்தது கடையின் பற்றுவரவுக் கொப்பி. எந்தத் தோட்டத்து ஆளுக்கு எத்தனை கொத்து அரிசி கடன் என்பதோடு, வாப்பா பிறந்த நாளையும் அதிலேதான் குறித்திருந்தார். அதைத் தூக்கிக்கொண்டு விசாரணைக்குப் போனார். அசனைப் போல அவருக்கும் உண்மை வெளிவரும் என்ற நம்பிக்கை இருந்திருக்கும். மனு தள்ளுபடியானது.

1964 அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பிரித்தது. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று வைத்தது. மூத்தவாப்பாவின் தம்பி குடும்பம் தலைமன்னாரில் கப்பலேறியது. வாப்பாவுக்கு இலங்கை கிடைத்தது. எஞ்சி நின்றவர்களுக்காக 2003இல்தான் சட்டம் வந்தது. அசன் ஒரு புத்தகத்துக்குள் தன் தகப்பனைக் கண்டுவிட்டான். எங்கள் மனிதருக்கு 55 ஆண்டுகள்.

அந்தக் கொப்பி இன்னும் அலுமாரியில், ‘அசன்பே சரித்திர’த்தின் அருகில் இருக்கிறது. வாப்பாவின் பிறப்பு, சபர் பிறை பன்னிரண்டு என்று அரபுத்தமிழில் எழுதப்பட்டிருக்கிறது. விசாரித்தவர் அந்தப் பக்கத்தை நேராகவும் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது என்ன பாஷை?” என்று கேட்டாராம். மூத்தவாப்பா, “தமிழ்தான் ஐயா” என்றிருக்கிறார்.