பண்பாடு தழுவிய கற்பித்தல்

மாணவரின் வீட்டுப் பேச்சு, வழக்கங்கள், குடும்பத்தின் பட்டறிவு ஆகியவற்றின் மேல் பாடத்தைக் கட்டியெழுப்பும் கற்பித்தல் முறை. அமெரிக்காவில் வளர்ந்தது. 1960களில் அங்கே கறுப்பினக் குழந்தைகளும் ஏழைக் குழந்தைகளும் படிப்பில் பின்தங்குவதற்கு அவர்கள் வீட்டின் 'பண்பாட்டுக் குறை'தான் காரணம் என்று கல்வியாளர் பலர் எழுதினர். அந்த அநியாயமான பழிக்கு மறுப்பாக எழுந்தது இம்முறை.

1970களில் ஹொனலுலுவில் நடந்த கமேஹமேஹா தொடக்கக் கல்வித் திட்டம் இதன் அழகான முன்னோடி. ஹவாய்க் குழந்தைகள் வீட்டில் கதை பேசும்போது ஒருவர் தொடங்குவார், இன்னொருவர் நடுவில் புகுந்து சேர்ப்பார், கதை பல குரலில் வளரும். அதை 'டாக் ஸ்டோரி' என்பார்கள். கைதூக்கி ஒவ்வொருவராகப் பதில் சொல்லும் வகுப்புக்கு இது ஒத்துவரவில்லை. வாசிப்பு நேரத்தில் அவர்கள் வழக்கப்படியே பேச ஆசிரியர்கள் இடம் கொடுத்தனர். வாசிப்புத் திறன் உயர்ந்தது. கேத்ரின் ஆவ், கேத்தி ஜோர்டன் இருவரும் 1981இல் இதைப் பதிவுசெய்தனர்.

அரிசோனாவின் டூசான் நகரில் ஆய்வாளர் லூயிஸ் மோலின் குழுவினருடன் சேர்ந்து ஆசிரியர்களே மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்களின் வீடுகளுக்குப் போய்க் கேட்டறிந்தனர். ஒரு மாணவன் மெக்சிகோ மிட்டாய் விற்பது தெரியவந்தது. மிட்டாயே பாடமாயிற்று: பிள்ளைகள் சேர்மானங்களை ஒப்பிட்டனர், ஒரு தாய் வகுப்புக்கே வந்து மிட்டாய் செய்து காட்டினார். இந்த ஆய்வு 1992இல் வெளிவந்தது.

கோட்பாடாக இதை வகுத்தவர் குளோரியா லாட்சன்-பில்லிங்ஸ். கறுப்பின மாணவர்களை நன்கு படிக்கவைத்த எட்டு ஆசிரியர்களை ஆராய்ந்து 1994இல் நூல் எழுதினார். கல்வித் தேர்ச்சி, பண்பாட்டில் வேரூன்றல், சமூக அநீதியைக் கேள்வி கேட்கும் திறன் ஆகிய மூன்றும் சேர்ந்தே வரவேண்டும் என்றார். ஜெனீவா கே 2000இல் இதை ஆசிரியரின் அன்றாட வகுப்பறைப் பணியோடு இணைத்து விரித்தார்.

மகிழ்ச்சி மட்டும் நெடுங்காலம் தனிக் குறிக்கோளாகப் பேசப்படவில்லை. 19ஆம் நூற்றாண்டுக் கறுப்பின வாசிப்புச் சங்கங்களை ஆராய்ந்த கோல்டி முகம்மது, அடையாளம், திறன், அறிவு, விமர்சனப் பார்வை என்று 2020இல் தாம் சொன்ன நான்கோடு 2023இல் மகிழ்ச்சியையும் சேர்த்தார். அது மாணவருக்கு மட்டுமல்ல, ஆசிரியருக்கும் உரியது என்றார். இம்முறைக்கு இதைவிடப் பெரிய பங்களிப்பு அண்மையில் வந்ததில்லை.

பெயர் பரவிய அளவுக்குச் செயல் பரவவில்லை. நாலு புத்தகம் வாங்குவது, கறுப்பின மக்களின் குவான்சா விழா ஒன்றை எடுப்பது, சுவரில் படம் ஒட்டுவது ஆகியவற்றோடு பலர் நின்றுவிட்டதாக லாட்சன்-பில்லிங்ஸே 2014இல் வருந்தி எழுதினார். அந்த வருத்தம் முழுக்க நியாயமானது.