பாம்பும் கோலும் செஞ்சிலுவையும்

சின்னங்களுக்கு நடுவே வளர்ந்தவர்கள் நாம். கழுத்துப்பட்டியில் பாடசாலைச் சின்னம், ஒவ்வோர் இல்லத்துக்கும் ஒரு நிறக்கொடி, மாணவ தலைவியருக்கு வேறொரு பட்டி. அவற்றின் பொருளை யாரும் நமக்கு உட்கார வைத்து விளக்கியதில்லை. ஆனாலும் அந்தச் சின்னத்தோடு வீதியில் எப்படி நடக்கவேண்டும் என்பது நம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

நூற்றாண்டு மலருக்கு ஒரு கட்டுரை கேட்கப்பட்டபோது, என் தொழிலில் நாள்தோறும் காணும் இரண்டு சின்னங்களைப் பற்றி எழுதலாம் என்று எண்ணினேன். ஒன்று, வைத்தியர்களின் வாகனக் கண்ணாடியில் ஒட்டப்பட்டிருக்கும் பாம்பு சுற்றிய கோல். மற்றது, முதலுதவிப் பெட்டிகளில் காணும் சிவப்புச் சிலுவை. முதலாவது ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழையது. இரண்டாவது நம் பூட்டிமார் காலத்தில் கூட்டம் கூடித் தீர்மானிக்கப்பட்டது. வயதில் இத்தனை வேறுபாடு இருந்தாலும் இரண்டின் வரலாறும் ஒன்றையே காட்டுகிறது: ஒரு சின்னத்துக்குப் பொருளைக் கொடுப்பவர்களும் அதைக் கெடுப்பவர்களும் அதன் கீழ் நிற்கும் மனிதர்களே.

எபிடோரஸ் கோயிற் பாம்பு

பாம்பு சுற்றிய கோல் கிரேக்கரின் வைத்தியக் கடவுளான அஸ்கிளிப்பியசுக்கு உரியது. ஹோமரின் இலியட் காவியத்தில் அவர் கடவுளாக வருவதில்லை. கைதேர்ந்த வைத்தியராகவே பேசப்படுகிறார். அவருடைய புதல்வர்கள் இருவர் ட்ரோய் நகரை முற்றுகையிட்ட கிரேக்கப் படையில் வைத்தியர்களாக இருக்கிறார்கள். பின்வந்த நூற்றாண்டுகளே அவரைக் கடவுளாக்கின. கிரேக்கத்தின் தென்பகுதியில் உள்ள எபிடோரசில் கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அவருக்குப் பெருங்கோயில் எழுந்தது. நோயாளர் அங்கு வந்து நீராடி, பலி செலுத்தி, அதற்கென அமைந்த நீண்ட மண்டபத்தில் இரவு உறங்குவர். கனவில் கடவுள் தோன்றிக் குணப்படுத்துவார், அல்லது செய்யவேண்டியதைச் சொல்வார் என்பது நம்பிக்கை. குணமடைந்தோரின் கதைகளைக் கற்பலகைகளில் பொறித்து வைத்தார்கள். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் பவுசேனியஸ் என்னும் பயணி அங்கு சென்றபோது ஆறு பலகைகள் எஞ்சியிருந்தன. கால்விரலில் கொடிய புண்ணோடு வந்த ஒருவனை, அவன் உறங்கிக்கொண்டிருந்தபோது ஒரு பாம்பு வந்து குணமாக்கியது என்று இன்றும் கிடைக்கும் பலகை ஒன்று சொல்கிறது. நஞ்சற்ற பாம்புகள் அக்கோயிலில் தடையின்றித் திரிந்தன.

உரோம் நகரில் கி.மு. 293இல் கொள்ளைநோய் பரவியபோது உரோமர் எபிடோரசுக்குத் தூது அனுப்பினர். தூதுவர் கொண்டுவந்த பாம்பு தைபர் ஆற்றின் நடுவே இருந்த தீவில் இறங்கியது என்றும், அங்கேயே கோயில் கட்டப்பட்டது என்றும் உரோமர் சொல்லிவந்தனர். அந்தத் தீவில் இன்றும் ஒரு வைத்தியசாலை இயங்குகிறது.

ஏன் பாம்பு? தோலுரித்துப் புதிதாக வெளிவருவதால் அதைப் புத்துயிரின் அடையாளமாகக் கண்டார்கள் என்பது பழங்காலத்திலேயே சொல்லப்பட்ட விளக்கம். மருந்து, நஞ்சு இரண்டையும் கிரேக்கர் ஒரே சொல்லால் குறித்தார்கள் என்பதையும் இங்கு நினைக்கலாம். அளவு மிஞ்சினால் மருந்தே நஞ்சாகும் என்பதை ஒவ்வொரு வைத்தியரும் அறிவார். மறுபுறம், வயலில் புடையன் தீண்டி வருபவருக்கு நாம் ஏற்றும் விஷமுறிவு மருந்து, பாம்பின் நஞ்சைக் குதிரைக்குச் சிறுகச் சிறுக ஏற்றி, அதன் இரத்தத்திலிருந்து பெறப்படுவது. உயர் இரத்த அழுத்தத்துக்கு நம் தாய்மார் விழுங்கும் எனலப்பிரில் போன்ற மாத்திரைகளின் மூதாதையான கப்ரோப்பிரில், பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் நஞ்சை ஆராய்ந்ததன் பயனாக 1970களில் உருவாக்கப்பட்டது. கிரேக்கருக்கு இவையெல்லாம் முன்கூட்டியே தெரிந்திருந்தன என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். அவர்கள் பாம்பைத் தேர்ந்தது ஒரு காரணத்துக்காக; நாம் அதைத் தொடர்ந்து வைத்திருக்க வேறு காரணங்கள் பின்னர் வந்து சேர்ந்தன. பழைய சின்னங்கள் வாழ்வது இப்படித்தான்.

இரண்டாவது பாம்பு எங்கிருந்து வந்தது?

சில வைத்தியசாலைகளின் பெயர்ப்பலகையில் இரண்டு பாம்புகளும் ஒரு சோடிச் சிறகும் உள்ள கோலைக் கண்டிருப்பீர்கள். அது ஹேர்மஸ் கடவுளின் கோல். அவர் தேவர்களின் தூதுவர். வணிகருக்கும் பயணிகளுக்கும் கள்வருக்கும் காவலர். இறந்தவர்களின் ஆவியைப் பாதாளத்துக்கு வழிகாட்டி அழைத்துச் செல்பவரும் அவரே. வைத்தியசாலை வாசலில் வைக்க இதைவிடப் பொருத்தமற்ற ஒருவரைத் தேடிப்பிடிப்பது கடினம்!

இந்தக் குழப்பத்தில் அச்சகத்தாருக்கும் பங்கு உண்டு. செய்தியைக் கொண்டு செல்பவரின் கோல் என்பதால் ஐரோப்பிய அச்சகத்தாரும் பதிப்பாளரும் அதைத் தம் முத்திரையாகக் கொண்டனர். வைத்திய நூல்களின் முகப்பிலும் அது இடம்பெற்றது. 1902இல் ஐக்கிய அமெரிக்க இராணுவத்தின் வைத்தியப் படை இரட்டைப் பாம்புக் கோலைத் தன் சின்னமாக ஏற்றபின் அது எங்கும் பரவியது. வோல்ற்றர் பிரீட்லாண்டர் என்பவர் 1992இல் வெளியிட்ட நூலில் அமெரிக்காவின் நிலையை எண்ணிப் பார்த்திருக்கிறார். தொழில்சார் வைத்தியச் சங்கங்களில் பெரும்பாலானவை ஒற்றைப் பாம்பையும், இலாபம் கருதும் நிறுவனங்களில் பெரும்பாலானவை வணிகரின் இரட்டைப் பாம்பையும் வைத்திருந்தன. உலக சுகாதார நிறுவனம் 1948இல் தேர்ந்தெடுத்தது அஸ்கிளிப்பியசின் ஒற்றைப் பாம்பையே.

ஒற்றுமை வேறு, உறவு வேறு

பின்னிய இரு பாம்புகள் கிரேக்கருக்கு மட்டும் உரியவை அல்ல. இன்றைய ஈராக்கின் தென்பகுதியில் லகாஷ் நாட்டை ஆண்ட குடேயா என்னும் மன்னன் ஏறத்தாழ கி.மு. 2100இல் நிங்கிஷ்சிடா என்ற தெய்வத்துக்கு ஒரு கற்பாத்திரத்தைக் காணிக்கையாக்கினான். அதில் இரண்டு பாம்புகள் ஒரு தண்டைச் சுற்றி மேலேறுகின்றன. அது இப்போது பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளது. தமிழ்நாட்டில் அரசமரத்தடியில் நிற்கும் நாகக்கற்களிலும் இரு நாகங்கள் பின்னிக்கொண்டிருக்கின்றன. பிள்ளை வரம் வேண்டுவோர் அவற்றை வழிபடுகிறார்கள். நம் நாட்டில் நயினாதீவு நாகபூஷணி அம்மனை அறியாதவர் இல்லை. அநுராதபுரத்தில் விகாரைகளின் படிக்கட்டுகளைக் காக்கும் காவற்கற்களில் நாகராசன் கையில் பூரண கும்பத்தோடு நிற்கிறான். மிகிந்தலையில் பழைய துறவிமடத்து வைத்தியசாலையின் இடிபாடுகளும், மருந்து எண்ணெயில் நோயாளியைக் கிடத்தப் பயன்பட்ட கல் தொட்டியும் உள்ளன. அதே மலையில் ஐந்தலை நாகம் செதுக்கிய நாகபொக்குண என்னும் நீர்நிலையும் உண்டு.

இவற்றை ஒரே கயிற்றில் கோத்து, எல்லாம் ஓர் இடத்திலிருந்தே வந்தன என்று சொல்லிவிட ஆசை வரும். அந்த ஆசைக்கு இடங்கொடுக்கக் கூடாது. நம் நாகம் மழைக்கும் நீருக்கும் மகப்பேற்றுக்கும் புதையலுக்கும் காவல். மிகிந்தலை நாகம் காப்பது குளத்தை. அருகில் வைத்தியசாலை இருப்பதால் அது வைத்தியச் சின்னமாகிவிடாது. காய்ச்சல் ஒன்று என்பதால் நோயும் ஒன்று என்று நாம் முடிவு செய்வதில்லை அல்லவா?

சின்னத்தின் பொருள் மாறும்போது என்ன செய்வது என்பதற்கு எபிரேயரின் வேதத்தில் ஒரு கதை உண்டு. பாலைவனத்தில் பாம்பு கடித்தவர்கள் நோக்கிப் பிழைப்பதற்காக மோசே வெண்கலப் பாம்பு ஒன்றைச் செய்து கம்பத்தில் உயர்த்தினார். பல தலைமுறைகளின் பின் மக்கள் அந்தப் பாம்புக்கே தூபம் காட்டத் தொடங்கினர். எசேக்கியா மன்னன் அதை உடைத்துப்போட்டான். எத்தனை பழையது, யார் கை செய்தது என்று அவன் பார்க்கவில்லை.

ஒரு சொல் மட்டும் பேசும் சின்னம்

பழைய சின்னங்கள் இப்படிப் பல பொருள்களைச் சுமந்து வருவதால், 19ஆம் நூற்றாண்டில் சிலர் ஒரே பொருள் மட்டும் கொண்ட புதிய சின்னம் ஒன்றை ஆக்க முயன்றனர். 1859 யூன் 24இல் வட இத்தாலியின் சொல்பெரினோவில் நடந்த போரின் பின், காயமுற்ற ஆயிரக்கணக்கான வீரர்கள் கவனிப்பாரற்றுக் கிடப்பதை ஹென்றி டியூனண்ட் என்ற ஜெனீவா வணிகர் கண்டார். அவர் எழுப்பிய குரலின் பயனாக 1863இல் ஜெனீவாவில் மாநாடு கூடியது. 1864 ஓகஸ்ட் 22இல் முதலாவது ஜெனீவாச் சமவாயம் கைச்சாத்தானது. வெள்ளைப் பின்னணியில் சிவப்புச் சிலுவை அதன் அடையாளமாயிற்று. சுவிற்சர்லாந்துக் கொடியின் நிறங்களை மாற்றிப் போட்டால் அது வரும். இதன் பொருள் "இங்கு மருந்து கிடைக்கும்" என்பதன்று. "இங்கே சுடாதே" என்பதே.

ஆயினும் 1876இல் ரஷ்யாவுடனான போர் நெருங்கியபோது ஒட்டோமன் பேரரசு, சிலுவை தன் வீரர்களின் மனத்தைப் புண்படுத்தும் என்று கூறிச் செம்பிறையைக் கொண்டது. செம்பிறை 1929இல் சமவாயத்தில் ஏற்கப்பட்டது. 2005இல், எம்மதத்தையும் நினைவூட்டாத சிவப்புப் படிகம் மூன்றாவதாகச் சேர்க்கப்பட்டது. வரைந்தவர் நினைத்தது ஒன்று, பார்த்தவர் கண்டது இன்னொன்று. ஆகவே பார்ப்பவரும் ஒப்புக்கொள்ளும்வரை இடம்விட்டுக் கொடுத்துப் போனார்கள்.

ஒப்புக்கொள்ளுதல் என்றால் என்ன என்பதை நம் தலைமுறை புத்தகத்தில் படித்து அறியவில்லை. 1987 ஒக்ரோபர் 21, தீபாவளி நாளன்று, யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் வைத்தியர்களும் தாதியரும் ஊழியரும் நோயாளரும் கொல்லப்பட்டனர். அது வைத்தியசாலை என்பது யாருக்கும் தெரியாத இரகசியமா? 1990இல் அதே வைத்தியசாலை, இரு தரப்பினதும் இணக்கத்தோடு, சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் பாதுகாப்பின் கீழ் வந்தது. அப்போது நான் சிறுமி. அந்த வெள்ளைக் கொடியைக் கடந்து உள்ளே போனதும் பெரியவர்கள் நடையைத் தளர்த்தி மூச்சு விடுவார்கள். கொடி என்பது ஒரு முழத் துணிதான். அதை மதிப்பதாகக் கொடுத்த வாக்கு நின்றவரை அது சுவராக நின்றது. வாக்குப் பொய்த்த இடங்களிலும் காலங்களிலும் அது வெறும் துணியானதை நம்மில் பலர் உறவுகளைக் கொடுத்து அறிந்திருக்கிறோம்.

நம் கையில் உள்ளது

அதனால்தான் இந்தச் சின்னம் மலிந்து கிடப்பதைக் காணும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. பாமசிப் பலகை, தனியார் சிகிச்சை நிலையம், வைத்தியரின் கார், பிள்ளைகளின் விளையாட்டுப் பெட்டி என்று எங்கும் செஞ்சிலுவை. சமாதான காலத்தில் சில விதிவிலக்குகள் தவிர, இராணுவ வைத்தியப் பிரிவுகளும் செஞ்சிலுவை இயக்கமும் மட்டுமே அதைப் பயன்படுத்தலாம். இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 4ஆம் இலக்க ஜெனீவாச் சமவாயங்கள் சட்டமும் இதற்காக உண்டு. கடைப்பலகையாக அன்றாடம் கண்டு பழகிய கண், போர்க்களத்தில் அதே அடையாளத்தைக் கண்டு துப்பாக்கியைத் தாழ்த்தும் என்று எதிர்பார்க்க முடியுமா?

மாற்று இல்லாமலும் இல்லை. முதலுதவிக்குப் பச்சையில் வெள்ளைச் சிலுவை சர்வதேச அளவில் வழக்கில் உள்ளது. வைத்தியருக்கு அஸ்கிளிப்பியசின் கோல் இருக்கிறது. ஒரு பாம்பு போதும். பாமசிக்கு அவருடைய மகள் ஹைஜியாவின் கிண்ணமும் பாம்பும் இருக்கின்றன. வைத்தியத்திலும் மருந்தகத் தொழிலிலும் பாடசாலை நிர்வாகத்திலும் உலகெங்கும் நிறைந்திருக்கும் நம் பழைய மாணவியருக்கு இது பெரிய வேலையன்று. கடிதத்தாளை அடுத்த முறை அச்சிடும்போது மாற்றலாம்; பலகைக்கு மறுபடி வர்ணம் பூசும்போது மாற்றலாம்.

நூற்றாண்டை முன்னிட்டுப் பாடசாலைக்கு என்ன அன்பளிப்புச் செய்யலாம் என்று பல நாடுகளிலிருந்தும் நம்மவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். முதலுதவிப் பெட்டிகளும் நோயாளர் அறைக்குரிய பொருள்களும் அனுப்ப எண்ணுபவர்களிடம் ஒரு வேண்டுகோள்: பெட்டி பச்சையாக இருக்கட்டும். ஏன் பச்சை என்று ஒரு பிள்ளை கேட்டால், பெரியாஸ்பத்திரிக் கொடியின் கதையை ஆசிரியை அவளுக்குச் சொல்லட்டும்.